மிளகாய்க்கறியில் பயறு

சாகினா, மிச்சிகன்
6 அக்டோபர் 1974

அன்புத் தங்கை ஒடிலியாவுக்கு,

இங்கே நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, நூலகத்தில் உன் வேலை எப்படிப் போகிறது என்று எழுது. குளிர் தொடங்கிவிட்டது. சான் அன்டோனியோவில் நீங்கள் இன்னும் மின்விசிறிக்கு அடியில்தான் படுத்திருப்பீர்கள்.

வேலை நன்றாகப் போகிறது. கார் நகர்ந்து வரும், நான் வலப்பக்கக் கதவை மாட்டுவேன், அது போய்விடும், அடுத்தது வரும்.

இப்போது ஒரு மானப் பிரச்சினை. தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்காரர்கள் மாதம் ஒருமுறை ஆளுக்கொரு சட்டி சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். போன தடவை கென்டக்கிக்காரர் வெர்ஜில் ஸ்டாம்ப்பர் ஒரு சட்டி கொண்டுவந்தார். கொத்துக்கறி, தக்காளிச் சாறு, டப்பாவில் வரும் பயறு. நடுவில் மாக்கரோனி வேறு மிதந்தது. "சில்லின்னா இதுதான்யா" என்றார், நம் மிளகாய்க்கறியைத்தான் சொல்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

"என்னய்யா சிரிப்பு? டெக்சாஸ்ல வேற மாதிரியோ?"

"எங்க ஊர்ல இத நோயாளிக்குக்கூடக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப அடுத்த தடவை நீ கொண்டா. தின்னுட்டுச் சொல்றோம்."

எனக்குச் சாப்பிடத் தெரியும், சமைக்கத் தெரியாது. உனக்குத் தெரியாததா? அம்மாவின் மிளகாய்க்கறி செய்முறையைக் கேட்டு எழுது. எதையும் விட்டுவிடாதே.

அம்மாவின் கைக்கு என் முத்தம்.
எலீசியோ


சான் அன்டோனியோ, டெக்சாஸ்
15 அக்டோபர் 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முதல் நாள் மட்டும் வலிக்கிறது. தெருவே அவளிடம்தான் வானிலை கேட்கிறது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாக்கரோனி என்ற இடத்தில் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். செய்முறை கேட்டது பெரும் பாடு.

"எத்தனை மிளகாய்ம்மா?"

"கறிக்குத் தக்க."

"கறி எவ்வளவு?"

"ஆளுக்குத் தக்க."

"ஆள் எத்தனை?"

"அத அவன்ல சொல்லணும்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்து எழுதினேன். மாட்டின் தோள்கறியைக் கத்தியால் சிறு சிறு துண்டாக வெட்டு, அரைத்து வாங்காதே. மாட்டுக் கொழுப்பை உருக்கி, கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறு. ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், வறுபடாது. ஆஞ்சோ மிளகாய், நம் கறுத்த அகன்ற காய்ந்த மிளகாய்தான், விதை நீக்கி இரும்புக்கல்லில் வாட்டு. வாசனை வந்ததும் எடுத்துவிடு. கருகினால் சட்டி முழுக்கக் கசப்பு. வெந்நீரில் ஊறவைத்து அரை. உறைப்புக்குச் சின்ன மிளகாய் சில. பூண்டு, சீரகம், ஓரிகானோ. எல்லாம் சேர்ந்து சிறுதீயில் பாதி நாள்.

அச்சு வெல்லம் கடைசியில்தான். "முதல்ல போட்டா அடிப்பிடிக்கும். இனிப்பு நாக்குல முதல்ல தெரியணும். காரம் பின்னாடியே வந்து தொண்டையில நிக்கணும். முந்திக்கிட்டு வரக் கூடாதுன்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள்.

பயறு விஷயத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்: "பயறு தனிச் சட்டி, கறி தனிச் சட்டி. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுறவ, எங்க வீட்ல கறி பத்தலைன்னு தெருவுக்கே சொல்றா."

நீ மாட்டுவது வலப்பக்கக் கதவு என்று தெரிந்ததிலிருந்து, தெருவில் நிற்கும் புதுக் கார்களை எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். போகிற போக்கில் கதவைத் தட்டிக் கொடுக்கிறாள்.

உன் வெற்றியை எதிர்பார்த்து,
ஒடிலியா


சாகினா
17 நவம்பர் 1974

அன்புத் தங்கைக்கு,

உங்கள் இருவரின் புண்ணியத்தில் உடம்பும் மனமும் நன்றாக இருக்கின்றன.

முதல் முயற்சியில் மிளகாய் கருகிவிட்டது. அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரி இருமிக்கொண்டே மாடியேறி வந்தாள். இரண்டாவதை நானே தின்றேன். மூன்றாவது முயற்சியில், ஒடிலியா, நம் வீட்டு அடுப்படி வாசனை வந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன்.

முதல் வாய்க்கு வெர்ஜில், "என்னய்யா இது, கல்யாணப் பலகாரமா? இனிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் அவர் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு தலை நிமிராமல் தின்றார். கடைசியில் ரொட்டியால் சட்டியின் அடியை வழித்தது அவர்தான்.

கான்டெலாரியோ என்று ஒருவர் இருக்கிறார். நம்மைப் போல டெக்சாஸ்காரர், லரேடோ பக்கம். அவர் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். "என்னண்ணே, நல்லா இல்லையா?" என்று கேட்டேன். "தம்பி, கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றார்.

அம்மா இதைத் தெருவில் சொல்லிக்கொள்ளலாம்.

எலீசியோ


சான் அன்டோனியோ
8 டிசம்பர் 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறோம், நீயும் குளிருக்குத் தக்க உடுத்திக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

நீ எழுதியபடியே அம்மா சொல்லிக்கொண்டாள். கோயிலில், கடையில், துணி துவைக்கும் இடத்தில். செனோபியா அத்தை, "கறி நல்லாச் செஞ்சான், சரி. ஃபேக்டரியில பெரிய ஆளா ஆயிட்டானா?" என்று சீண்டினாள்.

"அவன் கதவு மாட்டலைன்னா அந்தக் கார்ல ஏறுறது எப்படி? சன்னல் வழியாவா?" என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அவள் நினைத்திருந்தாள். விடுமுறை இல்லை என்று நீ தபால் அட்டையில் எழுதியிருந்ததைப் படித்ததும், "வேலை அதிகம்னா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் தமாலே அவிக்கப் பிசைந்த சோளமாவை மறுபடி பிசைந்தாள். ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறோம். மிளகாய், அச்சு வெல்லம், ஓரிகானோ. கம்பளிக் காலுறைக்குள் சீரகம் இருக்கிறது, உதறாமல் போட்டுக்கொள்ளாதே.

பண்டிகை வாழ்த்துகளுடன்,
ஒடிலியா


சாகினா
23 ஜனவரி 1975

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் சுகம். அம்மாவுக்கும் உனக்கும் எந்தக் குறையும் இருக்கக் கூடாது.

பெட்டி வந்தது. எல்லாம் நல்லபடியாக வந்தது. வேலை எப்போதும் போல.

ஒரு விவரம் வேண்டும். அறுபது பேருக்கு மிளகாய்க்கறி செய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் அப்படியே பெருக்கலாமா? சீரகம் கூடிப்போகுமோ என்று சந்தேகம். பெரிய அண்டாவில் கறி வறுபடாமல் வேகிறது. அதோடு, பயறு சேர்த்தால் காரம் எவ்வளவு கூட்ட வேண்டும்? ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது அல்லவா, அதற்காகக் கேட்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே சன்னலில் வெயில் விழுகிறது. பனியில் கண் கூசுகிறது. தபால்காரர் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

எலீசியோ


சான் அன்டோனியோ
2 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது பயறு வந்த வரியைத் தாண்டிவிட்டேன். அறுபது பேருக்கான கணக்கைத் தொழிற்சாலை விருந்து என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நான் மறுக்கவில்லை.

அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: கறியை அண்டாவில் வறுக்காதே, அகலச் சட்டியில் பகுதி பகுதியாக வறுத்து அண்டாவில் சேர். சீரகத்தைப் பெருக்காதே, பாதியில் நிறுத்திச் சுவை பார்.

பயறு பற்றி அவளிடம் கேட்க முடியாது. ஆகவே இது என் யோசனை. தனியாக உப்புப் போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்து, கடைசி ஒரு மணி நேரத்தில் கறியோடு சேர். பயறு காரத்தைக் குடித்துவிடும். மிளகாயைத் தாராளமாகப் போடு, வெல்லத்தையும் ஒரு துண்டு கூட்டு.

தவக்காலம் இங்கே இன்னும் தொடங்கவில்லை. வடக்கே முன்னதாக வந்துவிடுமோ என்னவோ.

எங்கள் நூலகத்துக்கு வடக்கத்திப் பத்திரிகைகளும் வருகின்றன, ஒரு வாரம் பிந்தி. அடுக்கி வைப்பது என் வேலை. கார்த் தொழிற்சாலைச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் அடுக்குகிறேன்.

உன் கட்டில் மேல் அம்மா துணி மடித்து வைக்கிறாள். நீ வருவதாகச் சொன்னால் உடனே எடுத்துவிடலாம்.

ஒடிலியா


சான் அன்டோனியோ
2 மார்ச் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டுமாவது எழுது.

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். அம்மா ஈஸ்டருக்கு அங்கே வருகிறாள்.

நேற்று திடீரென்று, "அந்தத் தொழிற்சாலை வாசல்ல ஒரு தடவை நிக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா? பேருந்துல ரெண்டு நாள் உக்காரணும். முழங்கால் என்னாகும்?"

"வலிக்கும். உக்காந்தாலும் வலிக்குது, நின்னாலும் வலிக்குது, அங்க போய் வலிச்சா என்ன?"

"பனி கொட்டுதாம்."

"பனியப் பாக்காமலே சாகச் சொல்றியா? வேலை முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்கல்ல, அதுல அவனும் வருவான். அதப் பாத்துட்டுத் திரும்பிருவேன்."

அவள் கேட்பது இவ்வளவுதான், அண்ணா. வாசலில் இருந்து நீ வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது என்று உறுதியாக எதுவும் இல்லை. செனோபியா அத்தையிடம் குளிர் கோட்டு இரவல் வாங்கியாகிவிட்டது.

உடனே எழுது.
ஒடிலியா


சாகினா
9 மார்ச் 1975

ஒடிலியா,

நான் நலம். அம்மா வர வேண்டாம். ஈஸ்டர் வாரம் முழுக்க எனக்குக் கூடுதல் நேர வேலை. வாசல் பக்கம் வெளியாட்களை நிற்க விடுவதில்லை. என் அறையில் இரண்டு பேர் படுக்க இடமில்லை. கோடையில் நானே வருகிறேன் என்று சொல். நீ சொன்னால் கேட்பாள்.

எலீசியோ


சான் அன்டோனியோ
16 மார்ச் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் நலமாக இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். "கூடுதல் நேரமா? அப்ப எந்த நேரம் போனாலும் வாசல்ல அவனப் பாக்கலாம்" என்றாள். 24ஆம் தேதி திங்கட்கிழமை புறப்படுகிறாள். புதன்கிழமை அங்கே இறங்குவாள். விலாசத்தைக் கோட்டுப் பையில் தைத்துவிட்டேன்.

நீ எழுதுகிற எதையும் நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். இதுவரை அப்படித்தான் செய்தேன், பயறைத் தவிர. ஆனால் நீ எழுதாத ஒன்றை நானாகப் புனைந்து அவளிடம் சொல்ல என்னால் ஆகவில்லை. உண்மையையும் உனக்கு முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். அது உன்னுடையது. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதும் உன்னுடையது.

நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. கறி பற்றாமல் போன ஒரு அண்டாவுக்கு முன்னால் நிற்கிறாய் என்று மட்டும் தெரியும். அறுபது பேருக்குச் சீரகம் எவ்வளவு என்று கேட்கிறவன் தலைகுனிகிற மாதிரி எதையும் செய்திருக்க மாட்டான். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவளுக்கு இடது முழங்கால்தான் அதிகம் வலிக்கும். படியேறும்போது வலக்கையைப் பிடித்துக்கொள்.

ஒடிலியா


சாகினா
6 ஏப்ரல் 1975

அன்புத் தங்கைக்கு,

அம்மா நலமாக ஊர் வந்து சேர்ந்திருப்பாள். நான் உண்மையிலேயே நலம். இந்தத் தடவை அதை நீ நம்பலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வேலை போயிற்று. கார் நகர்ந்து வரும் எங்கள் வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். எப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் எழுத நினைத்தேன். கார்க் கதவுகளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு போகிறாள் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கப்புறம் எப்படி எழுதுவது?

ஜனவரியில் வெர்ஜில் என் அறைக் கதவைத் தட்டினார். "தொழிற்சங்கக் கட்டடத்துல மத்தியானச் சாப்பாடு போடலாம்னு இருக்கோம். நான் சமைச்சா ஆளுங்க வேலை தேடி ஊரை விட்டே ஓடிடுவானுங்க. வாய்யா" என்றார். போனேன். முதல் நாளே கறி பற்றவில்லை. பயறு டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெர்ஜில் சிரிக்கவில்லை. போட்டுவிட்டேன்.

அம்மா வருகிற அன்று பேருந்து நிலையத்துக்குப் போக மத்தியானத்துக்கு மேல் நேரம் வைத்திருந்தேன். வழியில் அவளிடம் சொல்லிவிடுவது என்று வாசகம்கூடத் தயார் செய்திருந்தேன். பேருந்து காலையிலேயே வந்துவிட்டது. அவள் விலாசத்தைக் காட்டி வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரி கை காட்டிய திசையில் நடந்து வந்திருக்கிறாள்.

நான் குனிந்து கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கிண்ணம் நீண்டது. ஊற்றினேன். கிண்ணம் நகரவில்லை.

"மேலாப்புல ஊத்துற. அடியிலேர்ந்து கோரிப் போடு."

நிமிர்ந்தேன். செனோபியா அத்தையின் கோட்டு. அதற்குள் அம்மா.

"அம்மா..."

"பின்னாடி ஆளு நிக்குது. போடு."

போட்டேன். அவள் போய் மேசையில் வெர்ஜிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். வரிசை முடியும்வரை என்னால் இடத்தை விட்டு நகர முடியவில்லை. அவள் தின்பதை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். அவசரமில்லாமல், கடைசிப் பயறு வரை தின்றாள். கடைசி ஆளும் போனபின் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"பயறு போட்டிருக்க."

"போட்டேன்."

"தனியா வேக வச்சியா?"

"ஆமா."

"எவ சொல்லிக் குடுத்தா?"

"ஒடிலியா."

"அவளும் இதுல கூட்டா?" கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "வேலை எப்ப போச்சு?"

சொன்னேன்.

"உனக்கு மட்டுமா?"

"இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும்."

மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் தயார் செய்து வைத்திருந்த வாசகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீ மாட்டின கதவெல்லாம் ஒழுங்கா மூடுமில்ல?"

"மூடும்மா."

"அப்புறம் என்னடா?"

எழுந்தாள். கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். கூடம் திரும்பிப் பார்த்தது. "நான் சொல்றத அப்படியே இவங்க பாஷையில சொல்லு" என்றாள்.

"என் பேரு எஸ்தோலியா. சான் அன்டோனியோவிலேர்ந்து வரேன்."

சொன்னேன்.

"இவன் என் பையன்."

"இத நானே எப்படிம்மா சொல்றது?"

"வாயாலதான்."

சொன்னேன். "அந்த மூக்கப் பாத்தாலே தெரியுதுய்யா" என்றார் வெர்ஜில். சிரிப்பு அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

"இந்தக் கறி என்னுது. பயறு இவனுது. எனக்குப் பிடிக்கல. ஆனா கிண்ணத்துல மிச்சம் வைக்கல."

அதையும் சொன்னேன். பிறகு அவள் என்னைப் பார்க்காமல், அவர்களைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"வேலை போனத எங்கிட்ட மறைச்சிட்டான். வெக்கமாம். வேலையில்லாதப்பவும் இத்தனை பேருக்குச் சுடச்சுடப் போடுறவனுக்கு என்ன வெக்கம்? நான் இவன் ஃபேக்டரி வாசல்லேர்ந்து வெளிய வர்றதப் பாக்க வந்தேன். அதவிடப் பெருசாப் பாத்துட்டேன்."

தரையைப் பார்த்தபடி, "எல்லாருக்கும் வணக்கம் சொல்றாங்க" என்றேன்.

பின்வரிசையிலிருந்து கான்டெலாரியோ, "அவ்வளவுதானா? நீளமாவுல்ல சொன்னாங்க" என்றார். எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

யாரும் கைதட்டவில்லை. வெர்ஜில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அண்டாப் பக்கம் வந்தார். "இன்னும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார், அப்புறம் இன்னொருவர். மறுபடி வரிசை நின்றது. அம்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று ரொட்டி எடுத்துக் கொடுத்தாள்.

அவள் இங்கே இருந்தவரை தினமும் அதைத்தான் செய்தாள். தொழிற்சாலை வாசலுக்குப் போகலாமா என்று கேட்டேன். "பூட்டிக் கிடக்குற வாசல்ல எனக்கென்ன வேலை?" என்றாள்.

உன் கடைசிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதற்கு வேறு பதில் எழுதத் தெரியவில்லை.

எலீசியோ


சான் அன்டோனியோ
20 ஏப்ரல் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகமாக வந்து சேர்ந்தாள். முழங்கால் வீங்கியிருக்கிறது, வாய்க்கு ஓய்வு இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், பல மாதங்களாக இப்படி இருந்ததில்லை.

செனோபியா அத்தை கோட்டைத் திரும்ப வாங்க வந்தாள். கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்: "எலீசியோவுக்கு ஃபேக்டரி வேலை போயிடுச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தியே."

"ஐயோ பாவம் பிள்ளை" என்றாள் அத்தை.

"என்ன பாவம்? நீ ஒரு ஊருக்குச் சமைச்சிருக்கியா? எனக்குத் தெரிஞ்சு உன் வீட்டுக்காரனுக்கே ஒழுங்காச் சமைச்சதில்ல. உக்காரு, சொல்றேன்." அத்தை உட்கார்ந்தாள். முழுவதையும் கேட்டபின்தான் கோட்டு கைக்கு வந்தது. பயறு போட்டதையும் அம்மா மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அத்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று காலையில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். வந்ததும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "எழுது" என்றாள். அவள் எனக்குக் கடிதம் சொல்வது இதுதான் முதல் தடவை. நான் எதையும் திருத்தவில்லை:

"எலீசியோ, உன் அம்மா பேசுறேன். ஃபேக்டரியிலேர்ந்து கூப்பிட்டு விட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடாத. அந்த கென்டக்கிக்காரன்கிட்ட அடுப்பக் குடுத்திராத, மாக்கரோனியக் கொட்டிருவான். கான்டெலாரியோவப் பக்கத்துல நிறுத்தி ஒரு வாரம் காட்டிக் குடு. அவனுக்குக் கை வந்திருச்சுன்னு தெரிஞ்சப்புறம் வேலைக்குப் போ. கதவு காத்திருக்கும்."

அன்புடன்,
அம்மாவும் ஒடிலியாவும்